பொன்னுருக்கலும் நாலு மீற்றர் கையும்

டிஷ் பூட்டுகிறவனை வீட்டுக்காரர் இரண்டு தரம்தான் நினைப்பார்கள். ஒன்று, படம் வராதபோது. மற்றது, மழை பெய்யும்போது. லண்டனில் இந்த இரண்டும் ஒரே நாளில் வந்துவிடும். நான் இருபது வருடத்துக்கு மேலாக இந்த நகரத்தின் கூரைகளில் ஏறியவன். தமிழ்ச் சனல் பார்க்க ஆசைப்பட்ட எத்தனையோ வீடுகளின் புகைக்கூண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். விம்பிள்டனில் ஒரு அம்மா கீழே ஏணியைப் பிடித்தபடி சொன்ன வார்த்தை இன்னும் காதில் கிடக்கிறது: “தம்பி, படம் வந்தால் அது பிள்ளையார்ர செயல். வராட்டி அது உம்மட வேலை.” என் தொழிலை இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் சொன்னதில்லை.

இப்போது எல்லாரும் இணையத்தில் பார்க்கிறார்கள். நான் பூட்டிய டிஷ்களில் புறா குந்துகிறது. ஆனாலும் சொந்தத்துக்குள் எனக்கு ‘சட்டலைட் மாமா’ என்ற பெயர் நின்றுவிட்டது. அதனால் என் அக்காவின் மகன் பொறியியல் படித்துவிட்டு, லண்டனுக்கு வடக்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் ஐரோப்பியச் செயற்கைக்கோள்கள் செய்கிற ஓரிடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, பழி நேரே என் தலையில் வந்து விழுந்தது.

“டொக்டரா வரவேண்டிய பிள்ளை,” என்றார் அக்கா. “உன்னைப் பாத்துத்தானே அவனும் அண்ணாந்து பாத்தவன்.”

எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். செயற்கைக்கோளைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் நூலகத்து இரவல் புத்தகங்களில் தட்டித்தடவிப் படித்தது. இவன் அதைக் கையால் தொட்டுச் செய்கிறவன்.

கையால் தொட்டு என்றேன். ஏழு வருடமாக இவன் தொட்டது ஒரே ஒரு செயற்கைக்கோளை. அதிலும் அதன் ஒரே ஒரு கையை. அதிலும் அந்தக் கையின் ஒரே ஒரு பிணைச்சலை, அதாவது கீலை. பூமியின் காந்தத்தை அளக்கிற செயற்கைக்கோள் அது. அளக்கிற கருவி நாலு மீற்றர் நீளமான ஒரு கையின் நுனியில் இருக்கும். ரொக்கெட்டுக்குள் வைக்கும்போது கையை மடித்துவிடுவார்கள். மேலே போனபிறகு அது பிணைச்சலில் திரும்பி, நீண்டு, டக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டாவிட்டால் கருவி ஆடிக்கொண்டு நிற்கும். அது சொல்லுகிற கணக்கை ஒருவரும் நம்ப முடியாது.

“ஏழு வருசமாக் கதவுப் பிணைச்சலோ செய்யிறாய்?” என்று அக்கா கேட்டார்.

“ஓம் அம்மா. ஆனா இது ஒரே ஒருக்காத் திறக்கிற கதவு. திறக்காட்டி அங்க ஆள் அனுப்ப ஏலாது.”

“மாமாவை அனுப்பலாம்,” என்றார் அத்தான், அதாவது அக்காவின் கணவர். “ஏணி வைச்சிருக்கிறான்.”

அத்தான் நாளுக்கு நாலு வசனம்தான் பேசுவார். அந்த நாலையும் வீணாக்கமாட்டார்.

காந்தத்தை அளக்கிற கருவிக்கு இரும்பு ஆகாது. இவன் வேலை செய்கிற மண்டபத்தில் இரும்புக்குத் தீட்டு. திறப்புக் கோர்வை, இடுப்புப் பட்டி, கொண்டை ஊசி, எல்லாம் வாசலிலேயே கழற்றி ஒரு பிளாஸ்டிக் தட்டில் போட வேண்டும். ஏழு வருடப் பழக்கத்தில் இவன் எங்கள் வீட்டு வாசலிலும் பொக்கற்றைக் கொட்டிவிட்டுத்தான் உள்ளே வருவான். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அப்படியே செய்தான். பெண்ணின் தாய்க்கு அது மிகவும் பிடித்துவிட்டது. “ஒளிவு மறைவில்லாத பெடியன்,” என்றாராம்.

இந்த ஐரோப்பாக்காரர் செயற்கைக்கோள் செய்கிற விதத்தை அவன் வாயால் கேட்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் கலியாண வீடுதான் ஞாபகம் வரும். ஒரு வீட்டில் எல்லாம் செய்யமாட்டார்கள். பலகாரம் ஒரு வீடு, மாலை ஒரு வீடு, சோடனை ஒரு வீடு. அதேபோல இத்தாலிக்காரர் ஒன்றைச் செய்வார்கள், சுவீடன்காரர் ஒன்றைச் செய்வார்கள், போர்த்துக்கல்காரர் ஒரு பெட்டியோடு வந்து நிற்பார்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகினாலும் விண்வெளி விஷயத்தில் கூட்டை முறிக்கவில்லை. அத்தான் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “கோவிச்சுக்கொண்டு போனவை, பந்திக்கு மட்டும் வந்திடுவினம்.”

கலியாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று எட்டு மாதத்துக்கு முன்பே நாள் வைத்தாயிற்று. ரொக்கெட் அதற்கு ஒரு மாதம் முன்னால் தென்னமெரிக்காக் கரையில் இருந்து கிளம்ப வேண்டியது. பெரிய காரியம் முதலில், மிகப் பெரிய காரியம் பிறகு என்று மருமகன் நல்ல கணக்காகத்தான் போட்டிருந்தான். எது பெரியது, எது மிகப் பெரியது என்று அவன் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

முதல் தரம் ஒரு வால்வு சரியில்லை என்று நிறுத்தினார்கள். இரண்டாம் தரம் கீழே காற்றே இல்லை, மேலே பலத்த காற்று என்று நிறுத்தினார்கள். மூன்றாம் தரம் எல்லாம் சரி, எண்ணிக்கொண்டு வருகிறார்கள், ஒரு மீன்பிடிப் படகு வரக்கூடாத கடலுக்குள் வந்துவிட்டது.

“ஒரு படகுக்காக இத்தினை பேரும் காத்துக்கொண்டிருக்கிறதே?” என்று அக்கா பொரிந்தார்.

“அவனுக்கு மீன் பட்டிருக்கும்,” என்றார் அத்தான். “விட்டிட்டு வருவானே?”

கலியாண அழைப்புக்குப் போகிற வீடெல்லாம் இதே கதை. மண்டபம் எங்கே, சாப்பாடு என்ன என்று ஒருவரும் கேட்பதில்லை. “ரொக்கெட் போட்டுதோ?” என்றுதான் கேட்டார்கள். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் முன்பின் தெரியாத ஒரு மனிசன் என்னை மறித்து, “உங்கட மருமகன்ர சாமான் இன்னும் கீழதான் நிக்குதோ?” என்று துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

இனி எங்கள் ஆட்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். கலியாணத்துக்குச் சில நாள் முன்னால் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்குவார்கள். நல்ல நேரத்தில் பத்தர் வந்து, மாப்பிள்ளை கொடுக்கிற தங்கக் காசைக் கும்பத்துக்கு முன்னால் உருக்குவார். தாலி அந்தப் பொன்னில்தான் செய்வது. உருக்கியாயிற்று என்றால் கலியாணம் பாதி முடிந்த மாதிரி. அதன்பிறகு மாப்பிள்ளை வாசல்படி தாண்டக் கூடாது. பெண்ணைப் பார்க்கக் கூடாது. வெளியே போனால் கண்பட்டுவிடும், காத்துக் கறுப்பு அண்டிவிடும் என்பார்கள். தப்பித்தவறிப் போகவேண்டி வந்தால், அவை கிட்ட வராமல் இருக்கக் கையில் இரும்பு வைத்திருக்க வேண்டும். லண்டனில் பலர் இதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள். பொன்னுருக்கிவிட்டு ஜிம்முக்குப் போன மாப்பிள்ளையை எனக்குத் தெரியும்.

அக்கா தளர்த்துகிற ஆள் இல்லை. அவரிடம் சாட்சி இருந்தது. அந்தச் சாட்சி சோபாவில் இருந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் அத்தான், பொன்னுருக்கிய மறுநாள், “இந்தா வாறன்” என்று சொல்லிவிட்டு உதைபந்தாட்டம் பார்க்கப் போனார். பார்க்கத்தான் போனார். ஒரு பக்கத்தில் ஆள் குறைந்துவிட்டது. கூப்பிட்டார்கள். கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டோடுதான் மணவறையில் இருந்தார். அக்கினியை வலம் வரும்போது ஒரு பக்கம் அக்கா, மற்றப் பக்கம் நான் தாங்கிப் பிடித்துக்கொண்டு போனோம். கலியாணப் படத்தைப் பார்க்கிறவர்கள் அத்தானுக்கு இரண்டு பேரைக் கட்டிவைத்ததாக நினைப்பார்கள்.

“அண்டைக்கு வெளிக்கிட்ட கால்தானே,” என்று அக்கா இப்போதும் அந்தக் காலைக் காட்டுவார். குளிர் வந்தால் அத்தான் இன்னும் நொண்டுவார்.

புதன்கிழமை காலை பொன்னுருக்கல். பத்தர் ஊதுகுழலைப் பற்றவைத்தவுடன் வீட்டுப் புகை அலாரம் கத்தத் தொடங்கியது. நான் கதிரையில் ஏறி அதன்மேல் அக்காவின் குளியல் தொப்பியைக் கொளுவிவிட்டேன். பொன் உருகியது. தட்டில் வைத்து எல்லாருக்கும் காட்டினார்கள். மருமகன் வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகத் தட்டைத் தொட்டுக் கும்பிட்டான். கும்பிட்ட கை இறங்கமுன் அவனுடைய தொலைபேசி அதிர்ந்தது.

பார்த்தான். முகம் மாறியது.

“நாளைக்கு,” என்றான். “காலமை ஒன்பது மணிக்கு ஏவுவினம். எல்லாம் சரியா நடந்தால் மூண்டு மணிக்குக் கை திறக்கும்.”

பலகாரத் தட்டோடு நின்ற அக்கா, “நல்லது. ரீவியில பாப்பம்,” என்றார். அந்த ‘பாப்பம்’ ஒரு கதவு சாத்துகிற சத்தத்தோடு வந்தது.

அவன் கட்டாயம் போகவேண்டும் என்று இல்லை. செயற்கைக்கோளை ஓட்டுகிறவர்கள் ஜேர்மனியில் இருக்கிறார்கள். செய்தவர்கள் இங்கே தங்கள் இடத்தில் ஓர் அறையில் இருந்து ஜேர்மனிக்காரர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும். கலியாணக் கிழமை என்பதால் இவனுடைய கதிரையை இத்தாலிக்காரி ஒருத்திக்குக் கொடுத்திருந்தார்கள். ‘நீ உன் கலியாணத்தைப் பார்’ என்று மேலதிகாரி அன்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் ஏழு வருடம் ஒரு பிணைச்சலை வளர்த்தவன், அது திறக்கிற அந்த ஒரு நிமிடத்தில் அந்த அறையில் இல்லாமல் வீட்டில் முறுக்குத் தின்றுகொண்டிருப்பதா? அவன் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை.

வியாழன் காலை எல்லாரும் ரீவிக்கு முன்னால் இருந்தோம். அக்கா வீட்டு ரீவி பெரியது. ரொக்கெட்டின் அடியில் நெருப்புப் பிடித்தவுடன் அக்கா எழும்பி நின்று, “முருகா, ஏத்து, ஏத்து,” என்று கையால் ஏற்றினார். ஏறியது. முகிலுக்குள் போனது. பிறகு ஒரு கோடும் இலக்கங்களும்தான். ஒரு மணித்தியாலம் கழித்து, வடக்கே குளிர் தேசத்தில் உள்ள ஒரு தரைநிலையம், செயற்கைக்கோளின் குரல் கேட்கிறது என்று அறிவித்தது. ரீவியில் தெரிந்த அறையில் இருந்தவர்கள் கட்டிப்பிடித்தார்கள். இங்கே அக்கா மகனைக் கட்டிப்பிடித்தார். அவன் சிரித்தான். சிரித்துவிட்டு மேசையில் இருந்த தோசையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பத்து மணி, பத்தரை. தோசை அப்படியே கிடந்தது.

பதினொரு மணிக்கு எனக்குத் தொலைபேசி. கலியாணப் பெண். மருந்தகத்தில் வேலை செய்கிற பிள்ளை. பேச்சில் பாதி ஆங்கிலம். ஆனால் ‘மாமா’ மட்டும் நல்ல தமிழ்.

“மாமா, நாங்கள் முதல் முதலாச் சந்திச்ச அண்டைக்கே ரெண்டு மணித்தியாலம் அந்தப் பிணைச்சலைப் பத்தித்தான் கதைச்சவர். இண்டைக்கு இவர் அங்க போகாட்டி நான் அம்பது வருசத்துக்கு அந்தக் கதை கேக்கவேணும். பிளீஸ், ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது. அக்கா கேட்டார். அத்தானும் கேட்டார். அத்தான் பேப்பரை மடித்துவைத்தார். அன்றைய நாலு வசனத்தையும் ஒரேயடியாகச் செலவழித்தார்.

“இஞ்சேரும். நான் பந்து பாக்கப் போனது சும்மா. எனக்கு அங்க ஒரு வேலையும் இல்லை. இவனுக்கு இருக்கு.”

அக்கா அடுப்படிக்குள் போனார். பாத்திரங்கள் கொஞ்சநேரம் சத்தம் போட்டன. வெளியே வந்தபோது கையில் பாக்குவெட்டி இருந்தது. ஊரில் இருந்து வந்த, முழு இரும்பில் செய்த, ஒரு கோழியின் கழுத்தை வெட்டக்கூடிய பாக்குவெட்டி.

“ஒண்டரைக்கு ராகுகாலம் துடங்குது. அதுக்கு முன்னம் படி தாண்டவேணும். தம்பி, உன்ர காரில. நேர போய் நேர வரவேணும். வழியில ஒரு இடத்தில இறங்கக் கூடாது. இரும்பு கையில இருக்கவேணும். நானும் வாறன்.”

“அம்மா, நீங்கள் ஏன்?”

“இரும்பு மட்டும் காணாது.”

“ராகுகாலம் லண்டன் நேரமோ, தென்னமெரிக்கா நேரமோ?” என்று நான் வாயைக் கொடுத்தேன்.

“நீ காரை எடு.”

மருமகன் தோசையை நின்றபடி மூன்று வாயில் விழுங்கினான். வாசலில் பழக்கதோஷத்தில் பொக்கற்றில் இருந்ததெல்லாவற்றையும் எடுத்துத் தட்டில் போட்டான். அக்கா பாக்குவெட்டியை மட்டும் எடுத்துத் திரும்பவும் அவன் பொக்கற்றுக்குள் திணித்தார். அந்தப் பக்கம் காற்சட்டை இடுப்பில் இருந்து இரண்டு அங்குலம் இறங்கியது. ஏழு வருடமாக இரும்பைக் கண்டால் ஒதுங்கியவன், இடுப்பில் அரைக் கிலோ இரும்பைச் சுமந்துகொண்டு விண்வெளிக்குப் புறப்பட்டான்.

பின்சீற்றில் தாயும் மகனும். பெருந்தெருவில் அக்கா ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம், “இருக்கோ?” என்று கேட்டார். அவன் பொக்கற்றைத் தட்டி, “இருக்கு,” என்றான். எனக்குச் சலம் முட்டியது. வழியில் ஓய்விடம் ஒன்றின் பலகையைக் கண்டு வேகத்தைக் குறைத்தேன். “இறங்கக் கூடாதெண்டு சொன்னனான்,” என்றது பின்சீற். மாப்பிள்ளைக்குத்தானே விதி என்று வாதாடிப் பார்த்தேன். தாய்மாமனும் சேர்த்தியாம்.

இரண்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கண்ணாடிக் கட்டடம். வாசலுக்குள் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் காவலாளி. வெள்ளைத் தாடியும் நீலத் தலைப்பாகையுமாக ஒரு சீக்கியர். மருமகனைக் கண்டவுடன் எழும்பி, “உனக்கு ஞாயிற்றுக்கிழமை கலியாணம் என்றல்லவா சொன்னார்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். கேட்டபடியே சோதிக்கிற தடியை அவன் உடம்பில் தடவினார். பொக்கற்றுக்குப் பக்கத்தில் தடி அலறியது.

பாக்குவெட்டி மேசைக்கு வந்தது. காவலாளி அதைத் திறந்தார், மூடினார். விளிம்பில் பெருவிரலை வைத்துப் பார்த்தார்.

“ஏழு வருடத்தில் நீ ஒரு ஊசியைக்கூடக் கொண்டுவந்ததில்லை,” என்றார் மெதுவாக. “இது என்ன?”

மருமகன் காதுவரை சிவந்துபோய், “பாக்கு வெட்டுகிறது,” என்றான்.

“உள்ளே பாக்கு இருக்கிறதா?”

நான் விளக்கத் தொடங்கினேன். பொன்னுருக்கல், படி தாண்டல், காத்துக் கறுப்பு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லப் போனால் நடுவில் நமக்கே நம்பிக்கை குறைந்துவிடும். அக்கா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். அக்காவின் ஆங்கிலம் குறுக்கு வழியால் போவது.

“சண்டே வெடிங். அயன் மஸ்ட். நோ அயன், நோ கோ.”

காவலாளி தன் மணிக்கட்டில் கிடந்த இரும்புக் காப்பைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“அம்மா, என் கலியாணத்தில் எனக்கு வாளே தந்தார்கள்,” என்றார். “எனக்கு விளங்குகிறது. ஆனால் கூரான சாமானை உள்ளே விட எனக்கு அதிகாரம் இல்லை.”

மணி இரண்டு நாற்பது. மருமகன் கண்ணாடிக் கதவைப் பார்க்கிறான். அக்கா அவன் கையைப் பிடித்திருக்கிறார். விடுகிற பிடியாகத் தெரியவில்லை.

காவலாளி மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். கிளறினார். ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து வைத்தார். “இரும்பு,” என்றார்.

“உதோ?” என்றார் அக்கா. “உது தும்மினாப் பறந்திடும்.”

நான் மொழிபெயர்த்தேன். காவலாளி கோபிக்கவில்லை. சோதிக்கிற தடியை எடுத்துக் கிளிப்புக்கு மேலே பிடித்தார். தடி மெல்ல முனகியது. அக்கா தலையைச் சரித்துக் கேட்டார். இன்னொன்று வைத்தார். கொஞ்சம் கூடியது. ஐந்தாவது கிளிப்பில் தடி நன்றாகவே கத்தியது.

“ஓகே,” என்றார் அக்கா. இயந்திரமே சாட்சி சொல்லிவிட்டது, இனி என்ன?

காவலாளி ஐந்து கிளிப்பையும் சங்கிலியாகக் கோத்து மாப்பிள்ளையின் சேட்டுப் பொக்கற்றில் போட்டார். பாக்குவெட்டியைத் தன் லாச்சியில் பூட்டி, எங்களுக்கு ஒரு துண்டு எழுதித் தந்தார். இவன் போவது ஜேர்மனிக்காரரைக் கேட்கிற அறைக்குத்தான், இரும்பு ஆகாத மண்டபத்துக்கு இல்லை. மருமகன் உள்ளே ஓடினான். நானும் ஓடினேன், வேறு கதவுக்கு.

திரும்பி வந்தபோது அக்கா வரவேற்பறைச் சோபாவின் நுனியில் இருந்தார். சுவரில் ஒரு ரீவி. பூமி உருண்டை, அதன்மேல் ஒரு கோடு, கோட்டில் ஒரு புள்ளி. காவலாளி இயந்திரத்துத் தேநீர் கொண்டுவந்து தந்தார். தான் சவுத்தாலில் இருந்து வருவதாகவும், அங்கே நல்ல பாக்கு வாங்கலாம் என்றும் சொன்னார். மூன்று மணி தாண்டியது. ராகுகாலம் முடிந்தது என்று அக்கா மூச்சு விட்டார்.

மூன்றே காலுக்குக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு மருமகன் எட்டிப் பார்த்தான். முகத்தில் இரத்தம் இல்லை.

“கை அவிண்டிட்டுது மாமா. ஆனா பூட்டு விழேல்ல. இப்ப ஆள் எங்கட தொடர்பில இல்லை. அடுத்த தரைநிலையத்துக்கு மேலால வர முக்கால் மணித்தியாலம்.” உள்ளே இருந்து யாரோ கூப்பிட்டார்கள். கதவு மூடியது.

அக்கா தேநீரைக் கீழே வைத்தார். கையிரண்டையும் மடியில் கோத்தார்.

“நான் விட்டிருக்கக் கூடாது,” என்றார். “அவற்ர கால். இப்ப இவன்ர கை.”

“அக்கா, அது இவன்ர கை இல்லை. அது சட்டலைட்டின்ர கை.”

“ஏழு வருசம் இவன் வளத்தது. பிறகு ஆரின்ர கை?”

அவருடைய மனதைத் திருப்ப வேண்டுமென்று, அந்தக் கை எதற்கு என்று சொல்லத் தொடங்கினேன். இவ்வளவு நாளும் அவர் அதைக் கேட்டதே இல்லை.

“கலியாண மண்டபத்துக்குள்ள ஃபோன் வந்தால் என்ன செய்வியள்?”

“மேளச் சத்தத்தில ஒண்டும் கேக்காது. வெளியில போவன்.”

“அதுதான் இது. சட்டலைட்டுக்குள்ள கறண்டு ஓடுது, மோட்டர் ஓடுது, எல்லாம் காந்தச் சத்தம். பூமியின்ர காந்தம் மெல்லிசாக் கதைக்கிறது. உள்ளுக்கு இருந்தால் அது கேக்காது. அதாலதான் கருவியை நாலு மீற்றர் தள்ளி வெளியில அனுப்பிறது.”

அக்கா ரீவிப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப, அதுவும் வெளியில வந்தாத்தான் வேலை,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “தகப்பன்ர புத்தி,” என்றார். யாரைத் திட்டினார் என்று நான் கேட்கவில்லை. கோத்த கை மட்டும் தளர்ந்தது.

முக்கால் மணித்தியாலத்தில் அக்கா காவலாளியின் பேரப்பிள்ளைகள் எத்தனை பேர் என்று அறிந்துகொண்டார். காவலாளி எங்கள் மண்டபத்துச் சாப்பாட்டில் என்னென்ன கறி என்று அறிந்துகொண்டார். இருவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்த்து நாக்கு வறண்டேன். நாலு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. நான் எத்தனையோ பந்தாட்டம் ரீவியில் பார்த்தவன். அது கோல் சத்தம்.

காவலாளிதான் முதலில் எழும்பினார். கதவு திறந்து மருமகன் வந்தான். அவனுக்குப் பின்னால் இத்தாலிக்காரி அழுதுகொண்டு வந்தாள். அவன் அம்மாவுக்கு முன்னால் தரையில் குந்தி, அவர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டான். முப்பத்துமூன்று வயது. நான் கூரையைப் பார்த்தேன்.

துண்டைக் கொடுத்துப் பாக்குவெட்டியை மீட்டுக்கொண்டு புறப்பட்டோம். நடந்ததைக் காரில்தான் சொன்னான். பூட்டு விழவில்லை என்றவுடன் ஜேர்மனிக்காரர், செயற்கைக்கோளைக் கொஞ்சம் உலுப்பிப் பார்ப்போமா என்று கேட்டார்களாம். இத்தாலிக்காரி கெட்டிக்காரிதான். ஆனால் அவள் வேலைக்கு வந்து இரண்டு வருடம். இவன் நாலு வருடத்துக்கு முன் குளிர்ப் பெட்டிக்குள் வைத்து அந்தப் பிணைச்சலைச் சோதித்தபோது அங்கே இருந்தவன். குளிரில் அது மெல்லத்தான் திரும்பும் என்று கண்ணால் கண்டவன். “இப்ப நிழலுக்குள்ள நிக்குது. உலுப்பாதேங்கோ. வெய்யில் படட்டும்,” என்று சொன்னானாம். அறையில் எல்லாரும் அவனையே பார்த்தார்களாம். சேட்டுப் பொக்கற்றில் கிளிப் தொங்குகிற ஒருவனுடைய சொல்லைக் கேட்டு, ஐரோப்பா முழுவதும் முக்கால் மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததாம். வெய்யில் பட்டது. பூட்டு விழுந்தது.

“நீ இல்லாட்டி?” என்று அக்கா கேட்டார்.

“உலுப்பியிருப்பினம்.”

“உலுப்பினால்?”

“தெரியாது அம்மா.”

பெருந்தெருவில் வாகனங்கள் இறுகி நின்றன. பின்னுக்குப் பார்த்தேன். மாப்பிள்ளை தாயின் தோளில் தலையைச் சாய்த்து, வாய் திறந்தபடி நித்திரையாகிவிட்டான். அந்த நேரம் பார்த்து அக்காவின் தொலைபேசி அடித்தது. பெண்ணின் தாய்.

“மாப்பிள்ளை என்ன செய்யிறார் அக்கா?”

“நித்திரை,” என்றார் அக்கா மெதுவாக. “பாவம், ராத்திரி கண் மூடேல்ல.”

“நல்லது, நல்லது. வெளியில தெருவில விட்டிடாதேங்கோ. பொன்னுருக்கின உடம்பு.”

“ஐயோ, அவர் இப்ப என்ர தோளிலதான் கிடக்கிறார்.”

ஒரு சொல்லும் பொய்யில்லை. நான் கண்ணாடியில் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஜன்னலைப் பார்த்தார். அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் நின்ற லொறிக்காரன் பொறுமை இழந்து ஹோர்னை நீட்டி அடித்தான்.

“உதென்ன அக்கா சத்தம்?”

“ரீவி,” என்றார் அக்கா. “ரொக்கெட் காட்டுறாங்கள்.”

லொறி இன்னொருதரம் அடித்தது.

“நல்ல பெரிய ரீவி போல,” என்றார் சம்பந்தியம்மா.

அக்கா என் தோளில் தட்டினார், போ என்று. முன்னால் ஒரு கார்கூட அசையவில்லை.